பெட்டிக்குள் நுழையும் வெப்பத்துக்குக் கணக்கு எழுதுவோம்

தராசில் நிறுக்காமல் நாம் எந்தச் சரக்கையும் வாங்குவதில்லை; விற்பதும் இல்லை. ஆனால் நாள்தோறும் காசு செலவழித்து நாம் கடையை விட்டு வெளியேற்றும் ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்ப்பதே கிடையாது. அது நம் கூலருக்குள்ளும் ஃப்ரீசருக்குள்ளும் ஐஸ் பெட்டிக்குள்ளும் சொல்லாமல் நுழையும் வெப்பம்.

இன்று பால், தயிர், வெண்ணெய், குளிர்பானம், ஐஸ்கிரீம் விற்காத மளிகைக் கடை குறைவு. பெட்டி சரியாகக் குளிரவில்லை என்றால் நாம் மெக்கானிக்கை அழைக்கிறோம். வந்தவர் கையை உள்ளே விட்டுப் பார்த்து, ‘கேஸ் இறங்கிவிட்டது’ என்பார். அல்லது ‘கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்பார். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். பல சமயம் பழுது கம்ப்ரஸரில் இருக்காது. பெட்டிக்குள் வரக்கூடாத வெப்பம் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். அந்த வெப்பம் எவ்வளவு, எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் செலவு செய்தால் அந்தச் செலவு வீண்தான்.

கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை எப்படி நிறுப்பது என்று கேட்கலாம். ஒரு தெர்மாமீட்டர், ஒரு பல்பு, ஒரு சிறு மின்மீட்டர், கொஞ்சம் பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் போதும். பள்ளிக்கூடக் கணக்கே இதற்குத் தாராளம்.

வெப்பத்துக்கும் வரவு செலவு உண்டு

பேரேட்டில் வரவு, செலவு, இருப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? வெப்பத்துக்கும் அதே விதிதான். பெட்டிக்குள் வந்த வெப்பத்தில் கம்ப்ரஸர் வெளியேற்றியது போக மீதி உள்ளேயே தங்கும். அப்படித் தங்கிய வெப்பத்தால் உள்ளே இருக்கும் பொருள் சூடேறும். ஆகவே சூடு எவ்வளவு ஏறியது என்று அளந்தால், எவ்வளவு வெப்பம் தங்கியது என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மூன்று அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருக 334 கிலோஜூல் வேண்டும். நாம் பணம் கட்டும் ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். வாட் என்பது வேகத்தின் அளவு. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல்.

ஐஸே தராசு

ஐஸ் உருகும்போது அது வாங்கும் வெப்பம் தெர்மாமீட்டரில் தெரியாது என்பதை 1760களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் கண்டறிந்தார். 1782-83 குளிர்காலத்தில் பாரீஸில் லவாய்சியே, லாப்லாஸ் என்ற இரு அறிஞர்கள் இதைக் கொண்டே ஒரு கருவி செய்தார்கள். ஒரு கலத்தைச் சுற்றி ஐஸ். அந்த ஐஸைச் சுற்றி இன்னொரு அடுக்கு ஐஸ். வெளி அடுக்கு, அறையின் வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும். உள் கலத்தில் கினிப்பன்றி என்னும் சிறு விலங்கை வைத்து, உள் அடுக்கு ஐஸ் எவ்வளவு உருகி வடிந்தது என்று நிறுத்தார்கள். அந்த விலங்கின் உடல் எவ்வளவு வெப்பம் தருகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

நம் ஐஸ் பெட்டிக்கும் இந்தத் தராசு பொருந்தும். தெர்மோகோல் பெட்டியில் 10 கிலோ உருகும் ஐஸை வைத்து மூடுங்கள். 24 மணி நேரம் கழித்து வடிந்த தண்ணீரை நிறுங்கள். 5 கிலோ தண்ணீர் இருந்தால் 5 x 334 = 1,670 கிலோஜூல் வெப்பம் உள்ளே வந்திருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். வகுத்தால் 19 வாட்டுக்குச் சற்று மேல் வரும். சுருக்கமாக, ஒரு நாளில் ஒரு கிலோ ஐஸ் உருகினால் ஏறக்குறைய 4 வாட் வெப்பம் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏர்கண்டிஷனருக்கு ‘ஒரு டன், ஒன்றரை டன்’ என்று சொல்கிறோமே, அந்த டன்னும் இந்த ஐஸ் கணக்கில் பிறந்ததுதான். 907 கிலோ கொண்ட ஒரு அமெரிக்க டன் ஐஸ் ஒரு நாளில் உருகத் தேவையான வெப்பம், ஏறக்குறைய 3,500 வாட்.

நம்மைப் போன்ற வியாபாரி ஒருவரின் கதையும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், ஏரிகளில் உறைந்த ஐஸை அறுத்துக் கப்பலில் ஏற்றி உலகெங்கும் விற்றவர். 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் சுமார் 180 டன் ஏற்றி, நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், அவருடைய ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான். மேலே சொன்ன கணக்கைக் கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள். 120 நாளில் 80 டன் போனால் நாளொன்றுக்கு 670 கிலோ அளவு. அதாவது ஏறக்குறைய 2,600 வாட். ஒரு முழுக் கப்பலுக்குள், வெயில் கடலில், நுழைந்த வெப்பம் இரண்டரை இஸ்திரிப்பெட்டியின் அளவுதான். சரக்குத் தேய்மானத்தைப் பார்த்தே வெப்பத்தை அறியலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

தெரிந்த கல்லை வைத்துத் தெரியாததை நிறுத்தல்

கண்ணாடிக் கதவு கூலருக்கு ஐஸ் தராசு வசதிப்படாது. அதற்கு வேறு வழி உண்டு. தராசில் ஒரு தட்டில் தெரிந்த படிக்கல்லை வைத்து, மறு தட்டில் தெரியாத சரக்கை வைக்கிறோம். இங்கே படிக்கல்லாக நமக்கு உதவுவது ஒரு 40 வாட் குண்டு பல்பு.

கூலரைக் காலி செய்து, மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். பிறகு பல்பை நடுத்தட்டில், சுவரிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல், ஒரு ஓட்டின் மேல் வைத்து எரியவிட்டுக் கதவை மூடுங்கள். பல்புக்கான ஒயர் தட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும். உள்ளே மேல், நடு, கீழ் மூன்று இடங்களில் சூட்டைப் பார்த்துச் சராசரி எடுங்கள். முதலில் சூடு வேகமாக ஏறும், பிறகு மெதுவாகும், சில மணி நேரத்தில் நின்றுவிடும். நின்ற இடம்தான் முக்கியம். அப்போது பல்பு தரும் வெப்பம் முழுவதும் சுவர், கண்ணாடி, கதவிடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வரவும் செலவும் சமம்.

வெளியே 30 டிகிரி, உள்ளே 40 டிகிரியில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 டிகிரி. 40 வாட்டை 10ஆல் வகுத்தால் 4. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் இந்தப் பெட்டி 4 வாட் விடும். இதைப் ‘பெட்டியின் எண்’ என்று அழைப்போம். வெளியே விடும் பெட்டி, குளிரும்போது அதே அளவு உள்ளேயும் விடும். உள்ளே 4 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் வித்தியாசம் 26; நுழையும் வெப்பம் 26 x 4 = 104 வாட்.

ரப்பர் பட்டியின் பங்கு

இதே சோதனையை மறுநாள் ஒரு சிறு மாற்றத்துடன் செய்யுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கட்டின் மேல் அகலமான ஒட்டு டேப்பால் சுற்றிலும் ஒட்டிவிடுங்கள். இப்போது உள்ளே 42.5 டிகிரி வரை ஏறினால் வித்தியாசம் 12.5. பெட்டியின் எண் 40ஐ 12.5ஆல் வகுக்க 3.2. நேற்று 4, இன்று 3.2. குறைந்த 0.8 தான் ரப்பர் பட்டியின் கசிவு. 26 டிகிரி வித்தியாசத்தில் அது 21 வாட் அளவு ஆகிறது. மேல்மூடி ஃப்ரீசருக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. சூடான காற்று மேலே எழுந்து மூடி இடுக்கில் அதிகம் வெளியேறும். குளிர்ந்த காற்றோ கனமாகக் கீழேயே படுத்துக்கிடக்கும். ஆகவே அதில் கசிவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இரவுக் கணக்கு

இனி ஓடும் கூலருக்கு வருவோம். பெட்டியின் சுவர் வழியே வருவது 104 வாட் என்று தெரியும். உள்ளே விளக்கும் மின்விசிறியும் தரும் வெப்பம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் வேண்டும். பிளக்கில் செருகும் சிறு மின்மீட்டர் இப்போது கிடைக்கிறது. கூலரை அதன் வழியாக இணையுங்கள்.

முதல் இரவு, கதவைத் திறக்காமல் 10 மணி நேரம். மீட்டர் 1.2 யூனிட் காட்டுகிறது என்போம்.

இரண்டாம் இரவு, அதே 40 வாட் பல்பை உள்ளே எரியவிட்டு, அதற்கு வேறு பிளக்கில் இணைப்புக் கொடுங்கள். பல்பு 10 மணி நேரத்தில் 0.4 யூனிட் வெப்பம் தரும். கூலரின் மீட்டர் 1.4 காட்டினால், 0.4 யூனிட் வெப்பத்தை வெளியேற்றக் கம்ப்ரஸருக்கு 0.2 யூனிட் மின்சாரம் பிடித்திருக்கிறது. அதாவது வெப்பத்தில் பாதி. இதுதான் நம் கம்ப்ரஸரின் ‘விலை விகிதம்’.

இப்போது முதல் இரவுக் கணக்கைப் பாருங்கள். சுவர் வழியே 104 வாட் 10 மணி நேரம் வந்தால் 1.04 யூனிட் வெப்பம். அதை வெளியேற்ற 0.52 யூனிட். மீட்டர் காட்டிய 1.2இல் 0.52 போனால் மீதி 0.68 யூனிட். இது உள்ளே இருக்கும் விளக்கும் விசிறியும் செய்த வேலை. உள்ளே எரியும் ஒவ்வொரு வாட்டும் இரண்டு முறை காசு கேட்கும். எரிவதற்கு ஒன்று; அது தந்த வெப்பத்தை வெளியேற்றப் பாதி. ஆக ஒன்றரை. 0.68ஐ 1.5ஆல் வகுத்தால் 0.45 யூனிட், 10 மணி நேரத்துக்கு 45 வாட்.

மூன்றாம் இரவு, உள் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். மீட்டர் 0.9 காட்டினால் 0.3 குறைந்தது. 1.5ஆல் வகுக்க 0.2 யூனிட். விளக்கு 20 வாட். மீதி 25 வாட் விசிறி மோட்டார். எல்இடி விளக்கு சூடாகாது என்று நினைக்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் 20 வாட் விளக்கு எதுவானாலும் அது தருவது ஏறக்குறைய 20 வாட் வெப்பமே.

மூன்று இரவுகளிலும் கடையின் சூடு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி மாறினால் 4 வாட் மாறும் என்பது தெரிந்ததுதானே. அதைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

பகல் கணக்கு

பகலில் கடை திறந்திருக்கும் 10 மணி நேரத்தில் மீட்டர் 2.0 காட்டினால் இரவைவிட 0.8 அதிகம். விலை விகிதப்படி 1.6 யூனிட் வெப்பம். அதாவது 160 வாட் கூடுதல். பகலில் கடை 35 டிகிரி என்றால் 5 டிகிரி கூடுதலுக்கு 20 வாட். புதிதாக வைத்த 30 ஒரு லிட்டர் பாட்டில்கள் 33 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்க, 30 x 4.2 x 28 = 3,528 கிலோஜூல்; ஏறக்குறைய ஒரு யூனிட்; 98 வாட். இரண்டும் சேர்ந்து 118. மீதி 42 வாட் கதவைத் திறந்து மூடுவதால் வந்தது. பகல் சூட்டில் கம்ப்ரஸரின் திறன் சற்றுக் குறையும் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

இப்போது எதில் கை வைப்பது என்று பாருங்கள். ரப்பர் பட்டியை மாற்றினால் நாளொன்றுக்குக் கால் யூனிட் மிச்சம். கடை மூடிய 10 மணி நேரம் விளக்கை அணைத்தால் 0.3 யூனிட் மிச்சம். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. ஆண்டுக்கு 110 யூனிட் ஆகிறது. புது ரப்பருக்குக் காசு கொடுக்கும் முன் செலவில்லாத வழியைச் செய்துவிடலாமே! ரப்பர் பட்டி வழியே ஈரக்காற்று நுழைந்து பனி படர்ந்தால் மட்டும் அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்து, பெட்டியின் எண்ணும் பழையபடி இருந்து, விலை விகிதம் மட்டும் கெட்டுப்போயிருந்தால், அதாவது 0.4 யூனிட் வெப்பத்துக்கு 0.2 பிடித்தது இப்போது 0.35 பிடித்தால், அப்போது மெக்கானிக் சொல்வதை நம்பலாம். பின்புறக் கம்பிவலையில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, கேஸையும் கம்ப்ரஸரையும் சோதிக்கச் சொல்லலாம்.

மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம்?

பெட்டியின் எண் தெரிந்தவர்க்கு இது எளிது. கூலரில் 80 லிட்டர் அளவுக்குப் பாலும் தண்ணீரும் 4 டிகிரியில் இருக்கின்றன. ஒரு டிகிரி ஏற 80 x 4.2 = 336 கிலோஜூல். 8 டிகிரி வரை ஏற 1,344 கிலோஜூல். நுழைவது சராசரியாக 96 வாட். வகுத்தால் 14,000 நொடிகள். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே கூலரில் 20 லிட்டர் மட்டும் இருந்தால் ஒரு மணி நேரம்தான். காலியான பெட்டி சீக்கிரம் சூடாகும் என்பது இதனால்தான். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள். கண்ணாடிக் கதவை ஒட்டிய பாட்டில்கள் இந்தக் கணக்கை விட முந்திச் சூடாகும். பாலை உட்புறம் வைப்பது நல்லது. கெட்ட பாலை வாங்கிய வாடிக்கையாளர் மின்தடையைக் குறை சொல்ல மாட்டார், நம்மைத்தான் சொல்வார்.

மூட்டை அடுக்கும் ஒரு வெப்பப் பெட்டியே

மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு பெட்டி உண்டு. கிட்டங்கியில் அடுக்கிய மூட்டைகள்தாம் அது. தானியமும் பருப்பும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. நடுவில் உள்ள மூட்டைக்குச் சுற்றியுள்ள மூட்டைகளே தெர்மோகோல். சரக்கில் ஈரம் மிகுந்தால் பூஞ்சணமும் வண்டும் பெருகும். அவை உயிர் வாழ்வதால் வெப்பம் பிறக்கும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

நீண்ட இரும்புக் குழாயின் முனையை அடைத்து அடுக்கின் நடுவில் செருகி, அதற்குள் தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கி, அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு கிலோ தானியத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.7 கிலோஜூல் வேண்டும். ஒரு டன் சரக்கு நாளுக்கு ஒரு டிகிரி ஏறினால் 1,700 கிலோஜூல். அதாவது 20 வாட். வெளியே கசிந்தது போக இது. ஆகவே உண்மையில் பிறந்தது இதைவிடக் கூடுதல்.

20 வாட் என்பது ஒரு சிறு விளக்கு. ஒரு டன்னுக்குள் ஒரு சிறு விளக்கு எரிந்தால் என்ன என்று விட்டால், பத்து நாளில் 10 டிகிரி ஏறிவிடும். சரக்கு நிறம் மாறி, வாடை பிடித்து, விலை போகாது. வெளி மூட்டையைத் தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. கிட்டங்கியின் சூடு மாறாதபோது நடு மூட்டையின் சூடு மட்டும் நாள்தோறும் ஏறினால், அன்றே அடுக்கைப் பிரித்துக் காற்றாட விடுங்கள். காத்திருக்க வேண்டாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

ஒன்று: வித்தியாசம் சிறிதாக இருந்தால் அளவுப் பிழை பெரிதாகும். 2 டிகிரி ஏற்றத்தை அரை டிகிரி பிழையோடு அளந்தால் கணக்கில் கால் பங்கு தவறு. எனவே நீண்ட நேரம் அளந்து, வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரை உருகும் ஐஸில் வைத்து 0 காட்டுகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

இரண்டு: ஒரு தெர்மாமீட்டர் மொத்த வெப்பத்தைத்தான் சொல்லும், எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. லாரியை எடைமேடையில் ஏற்றினால் மொத்த எடை தெரியும். எந்த மூட்டையில் கல் கலந்திருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். இரண்டை ஒரே இரவில் மாற்றினால் கணக்கு குழம்பும்.

மூன்று: பல்புச் சோதனையில் உள்ளே 45 டிகிரிக்கு மேல் ஏறவிட வேண்டாம், ஏறினால் சிறிய பல்பைப் போடுங்கள். வோல்டேஜ் குறைந்தால் பல்பு தன்மேல் எழுதிய வாட்டைத் தராது. மீட்டர் வழியாக இணைத்து உண்மை அளவைப் பாருங்கள். இப்போது வரும் பல பெட்டிகளில் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் கசிவதாகச் சந்தேகம் இருந்தால் உள்ளே பல்பு வைக்கவே கூடாது. ஈரக் கையால் ஒயரைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய தேதி, பெட்டியின் எண், விலை விகிதம், இரவு யூனிட் ஆகியவற்றை எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து அடுத்த வரியில் எழுதுங்கள். புதிதாக வாங்கும்போதே முதல் வரியை எழுதிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு ஆண்டையும் அதனோடு ஒப்பிடலாம். அடுத்த முறை யாராவது ‘கம்ப்ரஸர் போய்விட்டது’ என்று சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிப் பேசுங்கள். கணக்கு கையில் இருக்கும் வியாபாரியிடம் யாரும் தாறுமாறாக விலை சொல்ல முடியாது.